துருக்கி ஏன் இன்னும் ஐரோப்பிய யூனியன்ல இல்ல? மனித உரிமை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்கு படிக்கற பசங்களுக்கு சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கறேன். எந்த பேட்ச் வந்தாலும் துருக்கி டாபிக் வந்துட்டா அன்னிக்கு க்ளாஸ் நேரத்துக்கு முடியாது, கேட்ட கேள்வியே திரும்ப வரும், பாதி பேர் ‘முஸ்லிம் நாடு, அதான் சேர்க்கல’ன்னு ஒரே வரில முடிச்சிடுவாங்க, மீதி பேர் ‘ஜனாதிபதி எர்டோகன் சர்வாதிகாரி, அதான் சேர்க்கல’ன்னு முடிச்சிடுவாங்க. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா நடந்த கதை அந்த ரெண்டு வரிக்குள்ள அடங்காது. அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியப் போட்டு எழுதி வெச்சிட்டேன். ஐரோப்பிய யூனியன இனிமே ஈயூன்னே சொல்றேன். வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில் எல்லாம் முன்னாடி சொன்னத வெச்சு தான் போகும்.

சார், துருக்கி ஆசியால தானே இருக்கு? அது எப்படி ஐரோப்பிய யூனியன்ல சேர கேக்க முடியும்?

நிலத்துல பெரும்பகுதி ஆசியா தான். இஸ்தான்புல்லோட மேற்குப் பாதியும் அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற திரேஸ் பகுதியும் ஐரோப்பா. ஆனா இந்த மேப் வாதம் சட்டப்படி எப்பவோ முடிஞ்சு போச்சு. ஈயூ ஒப்பந்தத்துல 49வது பிரிவு, எந்த ஐரோப்பிய நாடும் விண்ணப்பிக்கலாம்னு சொல்லுது. 1987ல மொராக்கோவும் கேட்டுப் பார்த்துச்சு, நீங்க ஐரோப்பாவே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அதே வருஷம் துருக்கி கேட்டப்ப அந்த பதில் வரல. 1999ல ஹெல்சிங்கி மாநாட்டுல அதிகாரப்பூர்வமா வேட்பாளர் நாடுன்னே அறிவிச்சாங்க. அதுக்கப்புறம் மேப்ப விரிச்சு பேசறதுல அர்த்தம் இல்ல. மேப்ப மட்டும் பார்த்தா சைப்ரஸ் கூட ஆசியா பக்கம் தான், அது 2004லயே உள்ள போயிடுச்சு.

மொத்தமா எவ்ளோ வருஷமா காத்திருக்காங்க?

எங்க இருந்து எண்றீங்கங்கறத பொறுத்தது. 1963 செப்டம்பர் 12 அங்காரா ஒப்பந்தம், அதுலயே ஒரு நாள் உறுப்பினர் ஆகலாம்னு எழுதியிருக்கு. 1987 ஏப்ரல் 14 முழு உறுப்பினர் ஆக மனு. 1996 ஆரம்பத்துல சுங்க ஒன்றியம், அதாவது தொழிற்சாலைப் பொருளுக்கு ரெண்டு பக்கமும் வரி இல்ல. 1997ல லக்சம்பர்க்ல மத்த நாடுகளுக்கு எல்லாம் கதவ திறந்துட்டு துருக்கிய மட்டும் வெளிய நிக்க வெச்சாங்க, 1999ல திரும்ப கூப்பிட்டாங்க, 2005 அக்டோபர் 3ம் தேதி பேச்சுவார்த்தை தொடங்குச்சு.

அதே நாள்ல பேச்சுவார்த்தை தொடங்குன இன்னொரு நாடு குரோஷியா. அது 2013 ஜூலை 1 உள்ள போயிடுச்சு. துருக்கி இன்னும் வெளிய.

சேர என்ன தகுதி வேணும்? மனித உரிமைங்கறது அதுல எழுதியே இருக்கா, இல்ல சும்மா சொல்றதா?

எழுதியே இருக்கு. 1993ல கோபன்ஹேகன்ல போட்ட நிபந்தனைகள் மூணு வகை. ஒண்ணு அரசியல்: ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை, சிறுபான்மையினருக்கு பாதுகாப்பு, இத காப்பாத்தற நிலையான அமைப்புகள். ரெண்டாவது போட்டிய தாங்கற சந்தைப் பொருளாதாரம். மூணாவது ஈயூ சட்டம் மொத்தத்தையும் உங்க நாட்டு சட்டமா மாத்திக்கற திறமை. இதுல பின்னாடி ரெண்டையும் பேச்சுவார்த்தை நடக்கும்போது சரி பண்ணிக்கலாம், முதல்ல உள்ளது மட்டும் பேச்சுவார்த்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இருக்கணும்.

துருக்கி விஷயத்துல 2004 டிசம்பர்ல, அரசியல் நிபந்தனைய போதுமான அளவுக்கு பூர்த்தி பண்ணிட்டாங்கன்னு ஈயூவே ஒத்துக்கிச்சு. ‘போதுமான அளவுக்கு’ங்கறத கவனிங்க, முழுசான்னு சொல்லல. இது நல்லா ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி தேவைப்படும்.

இந்த கண்டிஷன் எல்லாம் துருக்கிக்குன்னே புதுசா கண்டுபிடிச்சதா?

இல்ல. 1962ல பிராங்கோ ஆட்சில இருந்த ஸ்பெயின் கதவ தட்டுச்சு, சர்வாதிகாரி இருக்கற வரைக்கும் ஒண்ணும் நடக்கல. 1967ல கிரீஸ்ல ராணுவம் ஆட்சிய புடிச்சதும் அவங்களோட இருந்த இணைப்பு ஒப்பந்தத்த உறைய வெச்சாங்க. ஆட்சி மாறினதுக்கு அப்புறம் தான் கிரீஸ் 1981லயும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1986லயும் உள்ள வந்தாங்க. குரோஷியாவுக்கும் 2005 மார்ச்ல ஆரம்பிக்க வேண்டிய பேச்சுவார்த்தைய, தேடப்பட்ட தளபதி விஷயத்துல போர்க்குற்ற நீதிமன்றத்தோட ஒத்துழைக்கலன்னு சொல்லி தள்ளி வெச்சாங்க. ரூல் எல்லாருக்கும் பொது தான், அத அமல்படுத்தற விதம் தான் பிரச்சனை, அதுக்கு வர்றேன்.

ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு, ஐரோப்பிய கவுன்சில், ஈயூ, எல்லாம் ஒரே ஆபீஸ் தானே?

இல்லவே இல்ல, எக்ஸாம்ல இங்க தான் எல்லாரும் மார்க் விடுறாங்க. ஐரோப்பிய கவுன்சில் தனி அமைப்பு, ஸ்ட்ராஸ்பூர்க்ல இருக்கு, 46 நாடு. துருக்கி அதுல 1949லயே சேர்ந்துடுச்சு, மனித உரிமை உடன்படிக்கைய 1954ல ஏத்துக்கிச்சு. மனித உரிமை கோர்ட்டு இந்த கவுன்சிலோடது. அதனால துருக்கி ஈயூல இல்லன்னாலும் அந்த கோர்ட் தீர்ப்பு துருக்கிய கட்டுப்படுத்தும். ஒரு சாதாரண துருக்கி குடிமகன் நேரா தனி மனு போடற உரிமை மட்டும் 1987ல தான் வந்துச்சு, ஈயூக்கு விண்ணப்பிச்ச அதே வருஷம், சும்மா வந்ததா என்னன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஈயூக்கு இந்த கோர்ட்டு ஒரு அளவுகோல் மாதிரி. தீர்ப்ப நிறைவேத்தறாங்களா இல்லையான்னு வருஷா வருஷம் அறிக்கைல எழுதுவாங்க.

மனித உரிமை மனித உரிமைன்னு பொதுவா சொல்றாங்களே, குறிப்பா என்ன தான் பிரச்சனை?

90கள்ல இருந்து வாங்க. போலீஸ் லாக்கப்ல சித்திரவதை, அரசு பாதுகாப்பு கோர்ட்டுன்னு தனி கோர்ட்டு, தேசிய பாதுகாப்பு கவுன்சில் வழியா அரசாங்கத்துக்கே உத்தரவு போடற ராணுவம், பொசுக்குன்னா கட்சிய தடை பண்றது, எழுதினா ஜெயில். இது எல்லாத்துக்கும் அடில குர்து மக்கள் பிரச்சனை. 1984ல இருந்து பிகேகேங்கற ஆயுத அமைப்புக்கும் ராணுவத்துக்கும் நடந்த சண்டைல சுமார் 40,000 பேர் செத்திருக்காங்க, தென்கிழக்குல ஊர் ஊரா காலி பண்ண வெச்சாங்க. 1983ல இருந்து 1991 வரைக்கும் குர்து மொழிக்கே சட்டப்படி தடை.

ஒரே ஒருத்தங்கள பாருங்க புரியும். லேலா ஜானா, 1991ல எம்பியா ஜெயிச்சவங்க. பார்லிமென்ட்ல பதவிப் பிரமாணத்த சட்டப்படி துருக்கி மொழில படிச்சிட்டு கடைசில துருக்கிய, குர்து மக்களோட சகோதரத்துவத்துக்காக இத செய்யறேன்னு குர்து மொழில ஒரு வரி சேர்த்தாங்க, தலைல மஞ்சள் பச்சை சிவப்புல ஒரு பட்டி கட்டியிருந்தாங்க. சபையே கத்துச்சு. 1994ல பதவிப் பாதுகாப்ப நீக்கி 15 வருஷம் தண்டனை, பிகேகே உறுப்பினர்னு சொல்லி. 1995ல ஐரோப்பிய பார்லிமென்ட் அவங்களுக்கு மனித உரிமைக்கான சகாரோவ் பரிசு குடுத்துச்சு. அதே பார்லிமென்ட் அதே வருஷம் டிசம்பர்ல துருக்கியோட சுங்க ஒன்றியத்துக்கும் ஓகே சொல்லுச்சு. பரிசு ஒரு கை, வியாபாரம் ஒரு கை.

ஈயூ சொன்னதால உண்மையிலேயே ஏதாவது மாறுச்சா, இல்ல காகிதத்துல மட்டுமா?

மாறுச்சு, அதுவும் நிறைய. 1999க்கும் 2005க்கும் நடுவுல நடந்தது சாதாரண விஷயம் இல்ல. தூக்கு தண்டனை 2002ல சமாதான காலத்துக்கும் 2004ல முழுசாவும் போச்சு. குர்து மொழில ஒலிபரப்பும் தனியார் வகுப்பும் 2002ல அனுமதிச்சாங்க, 2009ல அரசு டிவியே முழு நேர குர்து சேனல் ஆரம்பிச்சுது. அரசு பாதுகாப்பு கோர்ட்ட 2004ல மூடினாங்க, தேசிய பாதுகாப்பு கவுன்சிலுக்கு முதல் தடவையா ராணுவத்துல இல்லாத ஒருத்தர் செயலாளரா வந்தாரு. அரசியல் சாசனம் 90வது பிரிவ திருத்தி, உள்நாட்டு சட்டத்துக்கும் மனித உரிமை ஒப்பந்தத்துக்கும் முரண் வந்தா ஒப்பந்தம் தான் செல்லும்னு போட்டாங்க. 2005 ஜூன்ல அமலுக்கு வந்த புது குற்றவியல் சட்டத்துல மனைவிய பலாத்காரம் பண்றதும் குற்றம் ஆச்சு. லேலா ஜானா 2004 ஜூன்ல வெளிய வந்தாங்க.

காகிதத்துல வந்த எல்லாமே போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் சேரலங்கறதும் நிஜம். ஆனா வெளிய இருந்து ஒருத்தர் சொல்லி ஒரு நாடு இவ்ளோ சீக்கிரம் இவ்ளோ சட்டத்த மாத்துனது அபூர்வம், அதுக்கு ஒரே காரணம் உள்ள போயிடுவோம்ங்கற நம்பிக்கை அப்ப இருந்துச்சு. இந்த பக்கம் முழுக்க நான் சொல்ல வர்றதே இத தான்.

ஓஜலான தூக்குல போடாம விட்டதுக்கு ஈயூ தான் காரணமாமே?

பெரும்பாலும் ஆமா. பிகேகே தலைவர் அப்துல்லா ஓஜலான 1999 பிப்ரவரில நைரோபில புடிச்சு கொண்டு வந்து மர்மரா கடல்ல இருக்கற இம்ராலி தீவுல வெச்சாங்க. அதே வருஷம் ஜூன்ல தூக்கு தண்டனை. நாடே தூக்குல போடுன்னு கத்திட்டு இருந்துச்சு. மனித உரிமை கோர்ட்டு நிறுத்தி வைக்கச் சொல்லுச்சு, டிசம்பர்ல ஹெல்சிங்கில வேட்பாளர் அந்தஸ்து கிடைச்சுது, அவர தூக்குல போட்டா அது அன்னிக்கே போயிடும்னு துருக்கி அரசுக்கு தெரியும். 2002ல தூக்கையே ஒழிச்சாங்க, அவர் தண்டனை ஆயுளா மாறுச்சு. அப்ப கூட்டணி அரசுல இருந்துக்கிட்டே இத எதிர்த்து ஓட்டு போட்டது தேசியவாத கட்சியான எம்எச்பி, தலைவர் தெவ்லெத் பாஹ்செலி. அதே பாஹ்செலி தான் 2024 அக்டோபர்ல, ஓஜலான் பார்லிமென்ட்ல வந்து பேசி அமைப்ப கலைக்கட்டும்னு சொன்னாரு. 2025 மே மாசம் பிகேகே கலைஞ்சிடுச்சுன்னு அறிவிப்பும் வந்துச்சு. அரசியல்னா அப்படித்தான்.

எர்டோகன் ஈயூக்கு எதிரி ஆச்சே, அவர் ஆட்சில எப்படி இவ்ளோ சீர்திருத்தம் நடந்துச்சு?

இன்னிக்கு இருக்கற எர்டோகன வெச்சு அன்னிக்கு இருந்தவர பார்க்காதீங்க. இஸ்தான்புல் மேயரா இருந்தவர ஒரு கூட்டத்துல கவிதை படிச்சதுக்காக 1999ல ஜெயில்ல போட்டாங்க, நாலு மாசம் உள்ள இருந்தாரு. அவர் இருந்த கட்சிய 1998ல கோர்ட்டே கலைச்சிடுச்சு. ராணுவமும் கோர்ட்டும் எப்ப வேணா தன்ன தூக்கிடலாம்ங்கற நிலைமைல, ஈயூ நிபந்தனை அவருக்கு கவசம். ராணுவத்த ஒதுக்கி வைங்கன்னு ஈயூ சொல்லச் சொல்ல அது அவருக்கு தான் லாபம். மனசார நம்பினாரா, கணக்கு போட்டாரான்னு கேட்டா, ரெண்டும் கலந்து தான் இருந்திருக்கும்னு நான் நினைக்கறேன். கவசம் தேவைப்படாத நாள் வந்ததும் கழட்டி வெச்சிட்டாரு.

பேச்சுவார்த்தைன்னா என்ன, உக்காந்து பேரம் பேசுவாங்களா?

பேரம் இல்ல. ஈயூ சட்டம் மொத்தத்தையும் 35 அத்தியாயமா பிரிச்சு வெச்சிருக்காங்க, மீன்பிடில இருந்து வரி வரைக்கும். ஒவ்வொண்ணா திறக்கணும், உங்க சட்டத்த அதுக்கு ஏத்த மாதிரி மாத்தணும், மூடணும். ஒவ்வொரு தடவ திறக்கவும் மூடவும் எல்லா உறுப்பு நாடும் சம்மதிக்கணும், ஒரே ஒரு நாடு தலையாட்டலன்னாலும் நின்னுடும். துருக்கி இதுவரைக்கும் திறந்தது 16, மூடினது ஒண்ணே ஒண்ணு, அறிவியல் ஆராய்ச்சி, 2006ல. கடைசியா திறந்தது 2016 ஜூன்ல.

16 திறந்துட்டு ஏன் நின்னுச்சு? மனித உரிமையால தானே?

இங்க தான் கதை திரும்புது. முதல் தடை மனித உரிமையால வரல, சைப்ரஸால வந்துச்சு. 1974ல துருக்கி படை அந்த தீவோட வடக்க புடிச்சுது, இன்னும் அங்க இருக்கு. 2004 ஏப்ரல்ல தீவ ஒண்ணு சேர்க்கற ஐநா திட்டத்துக்கு ரெண்டு பக்கமும் ஓட்டு எடுத்தாங்க, துருக்கிய சைப்ரஸ்காரங்க 65 சதவீதம் வேணும்னாங்க, கிரேக்க சைப்ரஸ்காரங்க 76 சதவீதம் வேண்டாம்னாங்க. ஒரு வாரத்துல வேண்டாம்னவங்க ஈயூ உள்ள போனாங்க, வேணும்னவங்க வெளிய. அடுத்து, சுங்க ஒன்றியம் புது உறுப்பினருக்கும் பொருந்தும், அதனால சைப்ரஸ் கப்பலுக்கு துறைமுகத்த திறன்னு ஈயூ சொல்ல, துருக்கி மாட்டேன்னு சொல்ல, 2006 டிசம்பர்ல எட்டு அத்தியாயத்த உறைய வெச்சாங்க, மத்ததையும் மூட விடறதில்லன்னு முடிவு பண்ணாங்க. 2007ல சர்கோசி ஜனாதிபதியா வந்ததும் பிரான்ஸ் அஞ்ச தடுத்துச்சு, 2009ல சைப்ரஸ் தனியா ஆறு. ஜெர்மனில அப்ப ஆட்சித் தலைவரா இருந்த மெர்கலோட கட்சி, உறுப்பினர் வேண்டாம், சலுகைக் கூட்டாளியா இருக்கட்டும்னு பேசிட்டு இருந்துச்சு.

இந்த தேதிகள பாருங்க. துருக்கி பெருசா பின்னாடி போறதுக்கு முன்னாடியே தடை எல்லாம் விழுந்துடுச்சு.

சரி, மனித உரிமை அத்தியாயத்துல துருக்கி எவ்ளோ மார்க் வாங்குச்சு?

பரீட்சையே வைக்கல. நீதித்துறையும் அடிப்படை உரிமையும் 23வது அத்தியாயம், நீதி, சுதந்திரம், பாதுகாப்பு 24வது. மேல சொன்ன சைப்ரஸ் தடுத்த ஆறுல இந்த ரெண்டும் இருக்கு. இன்னிக்கு வரைக்கும் திறக்கல. மனித உரிமைல மோசம்னு எந்த நாட்ட சொல்றாங்களோ அந்த நாட்டோட மனித உரிமை பத்தி உக்காந்து கண்டிஷன் போடற மேசையையே போட விடாம வெச்சிருக்காங்க. இத க்ளாஸ்ல சொன்னா பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. கொடுமை என்னன்னா, இப்ப சேர வர்ற மத்த நாடுகளுக்கு இந்த ரெண்டையும் தான் முதல்ல திறந்து கடைசில மூடணும்னு விதியே இருக்கு.

301ன்னு ஒரு சட்டம் சொல்றாங்களே, அது என்ன?

துருக்கியத்தனத்த அவமதிச்சா குற்றம்ங்கற பிரிவு, அதே 2005 சீர்திருத்த சட்டத்துக்குள்ளயே வந்துச்சு. ஆர்மேனியர்களும் குர்துகளும் கொல்லப்பட்டத பத்தி பேட்டில பேசினதுக்கு எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக் மேல கேஸ், 2006 ஜனவரில கைவிட்டாங்க, அக்டோபர்ல அவருக்கு நோபல். அவர் தப்பிச்சாரு. ஆர்மேனிய வம்சத்து பத்திரிகையாளர் ஹ்ராண்ட் டிங்க் தப்பிக்கல. 301ல ஆறு மாசம் ஒத்தி வெச்ச தண்டனை, பேர் பத்திரிகைல எல்லாம் துரோகின்னு அடிபட்டுச்சு, 2007 ஜனவரி 19 இஸ்தான்புல்ல தன்னோட ‘ஆகோஸ்’ பத்திரிகை ஆபீஸ் வாசல்ல நடைபாதைலயே சுட்டுட்டாங்க, சுட்டவனுக்கு வயசு 17. இறுதி ஊர்வலத்துல பெரும் கூட்டம் ‘நாம எல்லாரும் ஆர்மேனியர்’னு அட்டை புடிச்சுட்டு நடந்துச்சு. கொல்லப் போறாங்கன்னு போலீஸுக்கு முன்னாடியே தகவல் இருந்தும் காப்பாத்தலன்னு 2010ல மனித உரிமை கோர்ட்டு சொல்லுச்சு. 2008ல 301க்கு கேஸ் போட நீதி அமைச்சர் அனுமதி வேணும்னு திருத்தினாங்க, அது குறைஞ்சுது, அப்புறம் ஜனாதிபதிய அவமதிக்கற 299 வந்து அந்த இடத்த புடிச்சுக்கிச்சு.

2016ல ராணுவம் கலகம் பண்ணுச்சு, அத அடக்குனது தப்பா? எந்த நாடும் அததான் செய்யும்?

கலகத்த அடக்குனத யாரும் தப்புன்னு சொல்லல. ஜூலை 15 ராத்திரி பார்லிமென்ட் மேல குண்டு போட்டாங்க, 250 பேருக்கு மேல செத்தாங்க, ஜனங்க டாங்கி முன்னாடி போய் நின்னாங்க. ஐரோப்பா அன்னிக்கு ஆதரவா பேசினது லேட்டு, அரைமனசுங்கற கோபம் துருக்கில எல்லா கட்சிக்காரங்களுக்கும் உண்டு, அது நியாயமான கோபம் தான்னு நான் சொல்வேன்.

கேள்வி அடுத்து நடந்தத பத்தி. ரெண்டு வருஷம் அவசரநிலை. 1,25,000க்கு மேல அரசு ஊழியர்கள தனித்தனி விசாரணை இல்லாம அரசாணைல பேர் பட்டியல் போட்டு வேலைய விட்டு தூக்கினாங்க, அதுல டீச்சர், டாக்டர், நீதிபதி, ப்ரொபசர் எல்லாம் உண்டு. 2016 நவம்பர்ல குர்து ஆதரவு எச்டிபி கட்சித் தலைவர் செலாஹத்தின் டெமிர்டாஷ் கைது, அவருக்கும் ஜூலை 15க்கும் சம்பந்தமே இல்ல. 2017 ஏப்ரல்ல அவசரநிலை இருக்கும்போதே வாக்கெடுப்பு நடத்தி 51 சதவீதத்துல நாட்ட ஜனாதிபதி ஆட்சி முறைக்கு மாத்தினாங்க.

கவாலா கேஸ் கவாலா கேஸ்னு எல்லா அறிக்கைலயும் வருதே, ஒரு ஆளுக்காக இவ்ளோவா?

ஓஸ்மான் கவாலா தொழிலதிபர், கலை, சமூக அமைப்புகளுக்கு காசு குடுத்து நடத்தினவரு. 2017 அக்டோபர்ல காசியாந்தெப்ல இருந்து இஸ்தான்புல் திரும்பறப்ப புடிச்சாங்க. 2013 கெஸி பூங்கா போராட்டத்துக்கு காசு குடுத்தாரு, 2016 கலகத்துலயும் பங்குன்னு குற்றச்சாட்டு. 2019 டிசம்பர்ல மனித உரிமை கோர்ட்டு உடனே விடுங்கன்னு சொல்லுச்சு. அத விட முக்கியம், உடன்படிக்கை 18வது பிரிவு மீறல்னு சொன்னாங்க, அதாவது குற்றத்துக்காக புடிக்கல, வாய அடைக்கவும் மத்தவங்கள பயமுறுத்தவும் தான் புடிச்சீங்கன்னு. 2020 பிப்ரவரி 18, துருக்கி கோர்ட்டே விடுதலை பண்ணுச்சு. குடும்பமும் நண்பர்களும் சிலிவ்ரி ஜெயில் வெளிய வருவாருன்னு காத்துட்டு இருக்காங்க, அன்னிக்கு சாயந்திரமே வேற கேஸ்ல திரும்ப புடிச்சிட்டாங்க. 2022 ஏப்ரல்ல பரோல் இல்லாத ஆயுள். ஜூலைல மனித உரிமை கோர்ட்டு, துருக்கி எங்க தீர்ப்ப மதிக்கலன்னு தனியா ஒரு தீர்ப்பே குடுத்துச்சு. அந்த கோர்ட்டு வரலாறுலயே இப்படி நடந்தது அது ரெண்டாவது தடவ, முதல் தடவ அஜர்பைஜான்.

அதனால இது ஒரு ஆள் விஷயம் இல்ல. 90வது பிரிவ திருத்தி சர்வதேச ஒப்பந்தம் தான் மேலன்னு மேல ஒரு பதில்ல சொன்னேனே, அத துருக்கி தானாவே எழுதி வெச்சுது, இப்ப அதையே மதிக்கல.

ஐரோப்பிய பார்லிமென்ட் ஓட்டு போட்டு நிறுத்திடுச்சுன்னு நியூஸ் பார்த்தேன், அப்ப முடிஞ்சு போச்சா?

2016 நவம்பர்ல 479க்கு 37ன்னு தீர்மானம் போட்டாங்க, 2019 மார்ச்ல முறைப்படி நிறுத்தி வைக்கணும்னு திரும்ப போட்டாங்க. ரெண்டும் கருத்து தான், கட்டுப்படுத்தாது. முடிவு எடுக்க வேண்டியது உறுப்பு நாடுகள். 2005 பேச்சுவார்த்தை விதிமுறைலயே மனித உரிமை மீறல் கடுமையா தொடர்ந்தா நிறுத்தி வைக்கலாம், அதுக்கு மொத்த சம்மதம் வேண்டாம், தகுதிப் பெரும்பான்மை போதும்னு எழுதியிருக்கு. அந்த விதிய இதுவரைக்கும் எடுக்கவே இல்ல. 2018 ஜூன்ல பேச்சுவார்த்தை நடைமுறைல நின்னு போச்சுன்னு ஒரு வரி எழுதினாங்க, அவ்ளோ தான். செத்துட்டாருன்னு சர்டிபிகேட் குடுக்கல, வைத்தியமும் பார்க்கல.

ஏன் மொத்தமா கேன்சல் பண்ணல? இவ்ளோ குறை சொல்றவங்க தைரியமா வேண்டாம்னு சொல்ல வேண்டியது தானே?

தேவை இருக்கு. 2016 மார்ச் 18 ஒப்பந்தப்படி கிரீஸ் தீவுக்கு கடல் வழியா வர்றவங்கள துருக்கி திரும்ப எடுத்துக்கணும், பதிலுக்கு சிரிய அகதிகளுக்காக 600 கோடி யூரோ. அப்ப துருக்கில ஏறத்தாழ 30 லட்சம் சிரிய அகதிகள் வந்துட்டாங்க, அப்புறம் அதையும் தாண்டுச்சு. அதே ஒப்பந்தத்துல விசா இல்லாம வர விடறோம்னும் சொன்னாங்க, அதுக்கு 72 நிபந்தனை, சில மட்டும் பாக்கி. முக்கியமான பாக்கி, தீவிரவாதத் தடுப்பு சட்டத்துல பத்திரிகைக்காரனையும் எதிர்க்கட்சிக்காரனையும் புடிக்க முடியாத மாதிரி திருத்தணும். துருக்கி திருத்தல, விசாவும் வரல. நேட்டோ வேற இருக்கு. 2023 ஜூலைல ஸ்வீடன நேட்டோல சேர்க்கணும்னா எங்களுக்கு ஈயூ கதவ திறங்கன்னு எர்டோகனே கேட்டாரு.

துருக்கி பக்கமும் தானா விலகல. ரத்து பண்ணவன்ங்கற பேர் ரெண்டு பேருக்கும் வேண்டாம்.

மனசத் தொட்டு சொல்லுங்க, முஸ்லிம் நாடுங்கறதால தானே? மனித உரிமை எல்லாம் சாக்கு?

மதம் ஒரு காரணமே இல்லன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். 2002ல பிரான்ஸ் முன்னாள் ஜனாதிபதி ஜிஸ்கார்ட் தெஸ்தாங், துருக்கி வந்தா ஈயூ முடிஞ்சுதுன்னு வெளிப்படையாவே பேசினாரு. ஆனா முஸ்லிம்கள் நிறைய இருக்கற அல்பேனியாவோட 2022ல பேச்சுவார்த்தை ஆரம்பிச்சாங்க, அதையும் பார்க்கணும். பெரிய வித்தியாசம் சைஸ். துருக்கி சுமார் எட்டரை கோடி பேர், உள்ள வந்தா ஜெர்மனிக்கு சமமா ஓட்டு பலம், விவசாய மானியம், எல்லை சிரியா, ஈராக், ஈரான் வரைக்கும் போயிடும்.

என் கருத்து கேட்டா: மீறல் நிஜம், சாக்கும் நிஜம். 2005ல மீறல் குறைஞ்சுட்டு இருந்தப்ப சாக்கு தேடினாங்க, 2016க்கு அப்புறம் தேட வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. ஜெயில்ல இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டுல எது நிஜம்னு நாம பண்ற பட்டிமன்றத்தால ஒண்ணும் ஆகப் போறதில்ல.

ஹங்கேரி உள்ள இருந்துக்கிட்டே பத்திரிகை, கோர்ட்டு எல்லாத்தையும் நெருக்குதே, அவங்கள யாரும் வெளிய அனுப்பலயே?

வெளிய அனுப்ப வழியே இல்ல. 2018 செப்டம்பர்ல ஐரோப்பிய பார்லிமென்ட் ஹங்கேரி மேல ஈயூ ஒப்பந்தத்தோட 7வது பிரிவுல நடவடிக்கைய தொடங்குச்சு, அதோட உச்சபட்ச தண்டனை ஓட்டுரிமைய நிறுத்தறது, அதுக்கு மத்த எல்லா நாடும் ஒத்துக்கணும். பின்னாடி காச நிறுத்தி வைக்கற வழிய கையில எடுத்தாங்க. வாசல்ல நிக்கறவன கேக்கற கேள்விய உள்ள இருக்கறவன கேக்க முடியலங்கற துருக்கிக்காரங்க புகார் சரி தான். அதனால தான் புதுசா யாரையும் சேர்க்க இன்னும் பயப்படறாங்க.

இஸ்தான்புல் உடன்படிக்கைல இருந்து விலகினதும் இதுல வருமா?

வரும். பெண்கள் மேல நடக்கற வன்முறைய தடுக்கற ஐரோப்பிய கவுன்சில் உடன்படிக்கை அது, 2011ல இஸ்தான்புல்ல கையெழுத்தாச்சு, முதல்ல உறுதிப்படுத்தின நாடும் துருக்கி தான். 2021 மார்ச்ல நடுராத்திரி ஜனாதிபதி ஆணைல விலகிட்டாங்க, பார்லிமென்ட்ட கேக்கவே இல்ல. ஈயூ அமைப்பாவே அதுல 2023ல சேர்ந்துச்சு. ஹங்கேரியும் பல்கேரியாவும் இன்னும் உறுதிப்படுத்தல, மேல சொன்ன அதே கதை.

இலங்கைக்கு ஜிஎஸ்பி பிளஸ் நிறுத்தினாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

ஒரே கை, வேற ஆயுதம். ஜிஎஸ்பி பிளஸ் ஏற்றுமதி வரிச் சலுகை, 27 சர்வதேச உடன்படிக்கைய கடைப்பிடிக்கணும்ங்கறது நிபந்தனை. சித்திரவதை தடுப்பு உட்பட மூணு உடன்படிக்கைய சரியா அமல்படுத்தலன்னு 2010 ஆகஸ்ட்ல நிறுத்தி, 2017 மே மாசம் திரும்ப குடுத்தாங்க. அங்க குடுத்தத எடுக்க முடிஞ்சுது. துருக்கி விஷயத்துல குடுக்கறதா சொன்ன பொருள் மேலயே நம்பிக்கை போயிடுச்சு, அப்புறம் எத எடுக்கறது?

நாளைக்கே கவாலாவையும் டெமிர்டாஷையும் விட்டுட்டா சேர்த்துப்பாங்களா?

மாட்டாங்க. விட்டா முதல்ல பலன் தெரியறது சுங்க ஒன்றியத்த புதுப்பிக்கற பேச்சும் விசா விஷயமும், அது ரெண்டும் துருக்கி வியாபாரிக்கும் மாணவனுக்கும் பெரிய விஷயம். உறுப்பினர்னா பட்டியல் நீளம். துறைமுகத்த சைப்ரஸ் கப்பலுக்கு திறக்கணும், சைப்ரஸ் தடைய எடுக்கணும், 23ம் 24ம் திறக்கணும், 35 அத்தியாயத்தையும் மூடணும், 27 நாடும் ஒவ்வொரு படிலயும் தலையாட்டணும், ஐரோப்பிய பார்லிமென்ட் சம்மதிக்கணும். பிரான்ஸ் 2005ல தன்னோட அரசியல் சாசனத்தையே திருத்தி, புது நாட்ட சேர்க்கணும்னா மக்கள் கிட்ட வாக்கெடுப்பு வைக்கணும்னு போட்டுச்சு, 2008ல அத கொஞ்சம் தளர்த்தி பார்லிமென்ட்ல அஞ்சுல மூணு பங்கு ஆதரவு இருந்தா வாக்கெடுப்பு இல்லாமலும் பண்ணலாம்னு மாத்துச்சு.

அந்த பக்கம் 2025 மார்ச்ல இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோலுவ ஊழல் கேஸ்ல உள்ள வெச்சாங்க, எர்டோகன அடுத்த தேர்தல்ல எதிர்க்கப் போறவருன்னு எல்லாரும் எதிர்பார்த்த ஆள், அவர் கட்சி வேட்பாளர தேர்ந்தெடுக்க வேண்டிய அதே ஞாயித்துக்கிழமை. ஈயூ தலைமையகம் இருக்கற ப்ரஸ்ஸல்ஸ்ல இருந்து கண்டனம் வந்துச்சு. அத்தியாயம் எதையும் யாரும் திறக்கல, மூடவும் இல்ல.